மூக்குக்குள் வளரும் சிவப்புச் சதை

ஒரு பக்க மூக்கு மட்டும் மாதக்கணக்கில் அடைத்திருக்கும். சிந்தினால் இரத்தம் வரும். கொத்மலைத் தோட்டங்களில் இதைப் பீனிசம் என்று சொல்லி ஆவி பிடிப்பார்கள், டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கிப் போடுவார்கள். ஆனால் தடிமன் பெரும்பாலும் இரண்டு பக்கத்தையும் அடைக்கும். ஒரே பக்கம் அடைத்து இரத்தமும் கசிந்தால், உள்ளே ஏதோ வளர்கிறதா என்று காது, மூக்கு, தொண்டை வைத்தியரிடம் காட்டியே ஆகவேண்டும்.

அப்படி வளர்பவற்றில் ஒன்று ரைனோஸ்போரிடியோசிஸ். உலகின் பல நாடுகளில் அரிதான இந்நோய் இலங்கையிலும் இந்தியாவிலும்தான் அதிகம். நுவரெலியா ஸ்ட்ராபெரிப் பழம் போலச் சிவந்த சதை, மேலே வெள்ளைப் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு பை. முதிர்ந்த பைக்குள் ஆயிரக்கணக்கான வித்திகள். பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் இது புற்றுநோய் அல்ல. ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதாகவும் தெரியவில்லை. குளங்களிலும் ஆறுகளிலும் குளிப்பவர்களிடம், ஆற்று மணல் அள்ள மூழ்குபவர்களிடம் கூடுதலாகக் காணப்படுவதால், எங்கே குளிப்பீர்கள் என்று வைத்தியர் கேட்பார்.

1900இல் ஆர்ஜென்டினாவில் கில்லெர்மோ சீபர் இந்நோயை உண்டாக்கும் கிருமியை விவரித்தார். இலங்கை நோயியல் அறிஞர் கருணாரத்ன 1964இல் இந்நோய் பற்றித் தனி நூலே எழுதினார். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் அர்செகுலரத்ன நீண்டகாலம் ஆராய்ந்தார். பூஞ்சை என்றே பலரும் நம்பியிருந்த இக்கிருமி, மீன்களின் ஒட்டுண்ணிகளுக்கு நெருங்கிய உயிர் என்பதை 1990களின் இறுதியில் மரபணு ஆய்வு காட்டியது. நமக்குப் பக்கத்து ஊரிலேயே இவ்வளவு ஆய்வு நடந்திருப்பது தோட்டப் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும்.

மருந்தால் மட்டும் இச்சதை கரையாது, சத்திரசிகிச்சைதான் வழி. நோயாளியை மயக்கி, இரத்தம் மூச்சுக்குழாய்க்குள் இறங்காதபடி தொண்டையில் துணி அடைத்துவிட்டு, விளக்குப் பொருத்திய எண்டோஸ்கோப்பை மூக்குக்குள் செலுத்துவார்கள். முகத்தில் வெட்டு விழாது. சதை எங்கிருந்து முளைக்கிறது என்று அடி தேடுவதுதான் இதில் பெரிய வேலை. தொட்டால் இரத்தம் பெருகிப் பார்வையை மறைக்கும். சதை பிய்ந்தால் வித்திகள் சிதறிப் பக்கத்தில் மறுபடி முளைக்கலாம். அதனால் முடிந்தவரை முழுதாக எடுத்து, அடியை மின்சூட்டால் சுடுவார்கள். அப்படியும் சிலருக்குத் திரும்ப வரும். அவர்களுக்கு டப்சோன் மாத்திரையும் கொடுப்பதுண்டு.

எடுத்த சதையைக் கட்டாயம் நுணுக்குக்காட்டியில் பரிசோதிப்பார்கள். ஏனெனில், மணம் உணரும் நரம்புப் பகுதியில் தோன்றும் அரிய புற்றுநோயும் இதே ஒருபக்க அடைப்போடும் இரத்தத்தோடும்தான் தொடங்குகிறது. அது மண்டையோட்டின் அடித்தளம்வரை பரவக்கூடியது என்பதால், அந்தச் சத்திரசிகிச்சையில் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரும் சேர்ந்து நிற்பார், பின்னர் பெரும்பாலும் கதிர்வீச்சும் தேவைப்படும்.