டெக் முதல் பிளேஸ்டேஷன் வரை: எந்தப் பெட்டியை நம்பி வாங்குவது?

1980களின் பிற்பாதியில் பாலக்கோடு, பென்னாகரம், அரூர் பக்கத்துக் கிராமங்களில் மாரியம்மன் திருவிழா என்றாலும் மஞ்சள் நீராட்டு என்றாலும் இரவுக்கு ஓர் ஏற்பாடு தவறாமல் இருக்கும். டவுனிலிருந்து ஒரு கலர் டிவி, ஒரு டெக் (வி.சி.ஆர்.), நாலைந்து கேசட் வாடகைக்கு வரும். கரண்டை நம்ப முடியாத ஊர் என்றால் கூடவே ஜெனரேட்டரும் வந்து இறங்கும். தெருவில் பாய் விரித்து உட்கார்ந்தால் விடிய விடிய மூன்று படம் ஓடும். டெக்கை இயக்க வந்த பையனுக்கு அன்றைக்கு ஊரில் தனி மரியாதை.

அந்த டெக்குகளுக்குள் போன கேசட் ஏறக்குறைய எல்லாமே வி.எச்.எஸ். வகைதான். அதே காலத்தில் உலகச் சந்தையில் சோனியின் பீட்டாமேக்ஸ் இருந்தது. பிலிப்ஸ் நிறுவனத்தின் வீடியோ 2000 இருந்தது. இரண்டுமே தரத்தில் தாழ்ந்தவை அல்ல. இருந்தும் தர்மபுரியில் வீடியோ கடை வைத்தவருக்கு எதை வாங்குவது என்ற குழப்பம் வரவில்லை. அவருக்காக அந்த முடிவை யார் எடுத்தார்கள் என்று தெரிந்துகொண்டால், இன்று ஐம்பதாயிரம் ரூபாய் போட்டு கேம் கன்சோல் வாங்க நினைக்கும் குடும்பத்துக்கும் வழி தெரியும்.

முழுப்படமும் ஒரே கேசட்டில்

சோனி 1975இல் பீட்டாமேக்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடுத்த ஆண்டே ஜே.வி.சி. நிறுவனம் வி.எச்.எஸ்ஸோடு களத்தில் இறங்கியது. இரண்டிலும் அரை அங்குல அகல நாடாதான். பீட்டா கேசட் கொஞ்சம் சிறியது. படமும் இம்மியளவு தெளிவு. ஆனால் தொடக்க காலப் பீட்டா கேசட்டில் ஒரு மணி நேரம்தான் பதிவாகும், வி.எச்.எஸ்ஸில் 2 மணி நேரம். சினிமாவை வீட்டில் பார்க்க ஆசைப்பட்டவர்களுக்கு அந்த ஒரு வித்தியாசம் போதும். சோனி பிற்பாடு நேரத்தை நீட்டித்து ஈடுகட்டியது. அதற்குள் சந்தை கை மாறிவிட்டது.

ஜே.வி.சி. செய்த இன்னொரு காரியம், தன் முறையைப் பிற நிறுவனங்களுக்குத் தாராளமாக உரிமம் கொடுத்தது. நேஷனல் பானசோனிக் பெட்டிகளைச் செய்த மட்சுஷிடா, ஹிட்டாச்சி, ஷார்ப், அகாய் என்று பலரும் வி.எச்.எஸ். பெட்டி தயாரித்தார்கள். தயாரிப்பவர்கள் பெருகியதும் விலை இறங்கியது.

இந்தியாவில் 1982 ஆகஸ்ட் 15 அன்று வண்ண ஒளிபரப்பு தொடங்கியது. அந்த ஆண்டு இறுதியில் டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டி நடந்தது. கலர் டிவி வீடுகளுக்குள் நுழைய, அதன் பின்னாலேயே டெக்கும் வந்தது. வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வந்தவர்களின் பெட்டியில் இருந்ததும் பெரும்பாலும் வி.எச்.எஸ். டெக்தான். மூன்று மணி நேரம் ஓடும் இ-180 கேசட்டில் இரண்டரை மணி நேரத் தமிழ்ப் படம் பாட்டு, சண்டை ஒன்றும் வெட்டுப்படாமல் அடங்கிவிடும்.

கடைக்காரர் வி.எச்.எஸ். கேசட்டை வாங்கி அடுக்கியதற்குக் காரணம், வாடிக்கையாளர் வீட்டில் அந்த டெக் இருந்தது. வாடிக்கையாளர் அந்த டெக்கை வாங்கியதற்குக் காரணம், கடையில் அந்தக் கேசட் இருந்தது. பெல்ட் அறுந்தால் மாற்றவும், ஹெட் அழுக்கானால் துடைக்கவும் தெரிந்த மெக்கானிக்கும் அந்தப் பெட்டியைத்தான் கற்றுக்கொண்டார். சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு அது. டெக் பரவிய வேகம் எவ்வளவு என்றால், பொது இடத்தில் வி.சி.ஆரில் படம் காட்டுவதை முறைப்படுத்த 1984இல் தமிழக அரசு தனிச் சட்டமே கொண்டுவந்தது. தோற்ற சோனியும் 1988இல் வி.எச்.எஸ். பெட்டி தயாரிக்கத் தொடங்கியது.

சிங்கப்பூர் கேசட் ஓடும், அமெரிக்கக் கேசட் ஓடாது

ஒரே வி.எச்.எஸ். என்றாலும் எல்லாக் கேசட்டும் எல்லா டெக்கிலும் ஓடியதில்லை. இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், மலேசியா, துபாய் ஆகிய இடங்களில் டிவி ஒளிபரப்பு பால் (PAL) முறையில் நடந்தது. இதில் ஒரு காட்சிக்கு 625 கோடுகள், விநாடிக்கு 25 காட்சிகள். அமெரிக்கா, கனடா, ஜப்பான் நாடுகளில் என்.டி.எஸ்.சி. முறை: 525 கோடுகள், விநாடிக்கு ஏறத்தாழ 30 காட்சிகள். அதனால் சிங்கப்பூர் மாமா அனுப்பிய கல்யாணக் கேசட் இங்கே சிக்கலில்லாமல் ஓடியது. நியூயார்க்கிலிருந்து வந்த கேசட் டெக்குக்குள் ஒழுங்காகப் போய் உட்காரும், திரையில் கலரில்லாமல் படம் உருளும். இரு முறைகளையும் ஓட்டும் மல்ட்டி சிஸ்டம் டெக் வைத்திருந்த வீட்டைத் தேடிப் போகவேண்டும்.

டிவிடி வந்தபோது இந்த வேலி வேறு பெயரில் வந்தது. உலகத்தை மண்டலங்களாகப் பிரித்து, அமெரிக்காவை 1 என்றும் ஐரோப்பாவையும் ஜப்பானையும் 2 என்றும் இந்தியாவை 5 என்றும் வகுத்தார்கள். ஒரு மண்டலத்து டிஸ்க், பூட்டுப் போட்ட இன்னொரு மண்டலத்துப் பிளேயரில் ஓடாது. பிளேஸ்டேஷன் 2 கேம்களுக்கும் இதே போன்ற பூட்டு உண்டு. வெளிநாட்டிலிருந்து பொருள் வரவழைக்கும் பழக்கம் உள்ளவர்கள் இன்றும் நினைவில் வைக்கவேண்டிய பாடம் இது.

சின்னத் திரைக்கு வி.சி.டி. போதும்

அமெரிக்கர்கள் பலர் வீடியோ சிடியைப் பார்க்காமலேயே கேசட்டிலிருந்து டிவிடிக்குத் தாவினார்கள். இந்தியாவும் சீனாவும் தென்கிழக்கு ஆசியாவும் அப்படித் தாவவில்லை. 1993இல் தரம் வகுக்கப்பட்ட வி.சி.டி. ஒன்றில் 74 நிமிடப் படம் கொள்ளும். ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு அல்லது மூன்று டிஸ்க் வேண்டும். இடைவேளை விடும் பழக்கமுள்ள நமக்கு எழுந்துபோய் டிஸ்க் மாற்றுவது பெரிய தொந்தரவாகத் தெரியவில்லை.

காகிதக் கணக்கில் டிவிடியின் படம் பல மடங்கு மேல். வி.சி.டி.யில் 352 புள்ளி அகலம், 288 புள்ளி உயரம். டிவிடியில் 720, 576. அதாவது நான்கு மடங்கு தகவல். ஆனால் அந்த வித்தியாசத்தைக் கண் உணரப் பெரிய திரை வேண்டும். 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் 1.5 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குல டிவி கொடுத்தது. தர்மபுரி போன்ற பின்தங்கிய மாவட்டத்தில் பல குடும்பங்களுக்கு அதுதான் முதல் கலர் டிவி. அந்தத் திரையில் வி.சி.டி.யும் டிவிடியும் ஏறத்தாழ ஒன்றாகவே தெரிந்தன. விலை குறைந்தது எதுவோ அது விற்றது.

அந்த விலைக் குறைவில் பெரும்பங்கு திருட்டு வி.சி.டி.யினுடையது என்பதை மறைக்க முடியாது. தமிழ்த் திரையுலகம் இதனால் பட்ட அடி கொஞ்சமல்ல. 2004இல் தமிழக அரசு குண்டர் தடுப்புச் சட்டத்தில் வீடியோ திருட்டையும் சேர்த்தது. சட்டத்தால் முடியாத ஒன்றை 2007இல் மோசர் பேயர் நிறுவனம் விலையால் முயன்றது. வி.சி.டி. 28 ரூபாய், டிவிடி 34 ரூபாய் என்று உரிமம் பெற்ற படங்களையே இறக்கியது. நூற்றுக்கணக்கான ரூபாய்க்கு விற்ற ஒரிஜினல் டிஸ்க், பெட்டிக்கடைப் பொருளின் விலைக்கு வந்தது. 6 ரூபாய்தான் வித்தியாசம் என்றதும் மக்கள் டிவிடிக்கு மாறத் தயங்கவில்லை. டிவிடி பிளேயரில் பழைய வி.சி.டி.யும் ஓடும் என்பது அந்த மாற்றத்தை எளிதாக்கியது. கையில் இருக்கும் சரக்கை வீணாக்காத பெட்டிக்கு மக்கள் எப்போதும் கதவைத் திறக்கிறார்கள்.

கேம் கேசட்டிலும் அதே கதை

வீடியோ கேமிலும் இதே விதிதான் நடந்தது. ஜப்பானின் நின்டெண்டோ 1983இல் வெளியிட்ட பேமிகாம் என்ற 8 பிட் கருவியின் நகல்கள் 1990களில் இந்தியச் சந்தையை நிறைத்தன. மேலே என்ன பெயர் ஒட்டியிருந்தாலும் பெரும்பாலானவற்றின் கேசட் வாய் ஒன்றுதான், 60 பின். அதனால் ஒரு வீட்டு மரியோ கேசட் பக்கத்து வீட்டுப் பெட்டியில் ஓடியது. அங்கிருந்த காண்ட்ரா இங்கே வந்தது. கோடை விடுமுறையில் பிள்ளைகள் மாற்றி மாற்றி விளையாட அதைவிட வேறென்ன வேண்டும்?

செகா நிறுவனம் இந்தியாவுக்கு நேர்வழியில் வந்து பார்த்தது. 80 சதவீத இறக்குமதி வரியைத் தவிர்க்க 1995இல் ஷா வாலஸ் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்தது. செகா கொண்டுவந்தது நகல் கருவிகளை விடப் பல படி உயர்ந்த 16 பிட் இயந்திரம். விலை 18,000 ரூபாய். அன்றைய நடுத்தரக் குடும்பத்தின் பல மாதச் சம்பளம். அதை வாங்கிய பிள்ளைக்குக் கேசட் மாற்றிக்கொள்ளத் தெருவில் இன்னொரு பிள்ளை கிடையாது.

பிளேஸ்டேஷன் 2, 2000ஆம் ஆண்டு ஜப்பானில் வந்தபோது அதிலேயே டிவிடியும் ஓடியது. பிள்ளைக்கு விளையாட்டு, பெற்றோருக்குப் படம் என்று ஒரே பெட்டி இரு வேலை பார்த்தது. உலகெங்கும் 15 கோடிக்கு மேல் விற்ற அந்தக் கருவிக்கு இந்தியாவில் ஆயுள் நீண்டது. ஹைதராபாத் நிறுவனங்கள் 2009இல், அதாவது அடுத்த தலைமுறைக் கருவி இங்கே வந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகும், பிளேஸ்டேஷன் 2க்கென்றே அனுமன் கதையையும், கபடி, பட்டம் விடுதல் போன்ற நம்மூர் விளையாட்டுகளையும் கேம்களாக வெளியிட்டன.

அந்த அடுத்த தலைமுறையில்தான் வீடியோ போரும் கன்சோல் போரும் ஒன்றாகக் கலந்தன. சோனி தன் பிளேஸ்டேஷன் 3க்குள் டிவிடிக்கு அடுத்த டிஸ்க் வகையான புளூ-ரே வைத்தது. மைக்ரோசாப்ட் எக்ஸ்பாக்ஸ் 360க்குத் அதற்குப் போட்டியான தோஷிபாவின் எச்.டி. டிவிடி இயக்கியைத் தனியே விற்றது. இந்தியாவில் எக்ஸ்பாக்ஸ் 360, 2006 செப்டம்பரில் 19,990 ரூபாயிலிருந்து வந்தது. பிளேஸ்டேஷன் 3, 2007 ஏப்ரலில் 39,990 ரூபாய்க்கு வந்தது. 2008 ஜனவரியில் வார்னர் பிரதர்ஸ் புளூ-ரே பக்கம் சாய, பிப்ரவரி 19 அன்று தோஷிபா தோல்வியை ஒப்புக்கொண்டது. எச்.டி. டிவிடியில் பணம் போட்டவர்கள் இரண்டே ஆண்டில் கைவிடப்பட்டார்கள். தர்மபுரி, அரூர் கடைவீதிகளுக்கு இந்தப் போரின் சத்தம் எட்டவில்லை. அங்கே டிவிடிக்கு அடுத்துப் பென் டிரைவ் வந்தது. 2016இல் மலிவு விலை 4ஜி வந்ததும் படம் கைபேசிக்குள் போய்விட்டது.

பரணில் கிடக்கும் கேசட்டுகள்

போரில் தோற்ற பீட்டாமேக்ஸும் வென்ற வி.எச்.எஸ்ஸும் ஒரே ஆண்டில் முடிவுக்கு வந்தன. சோனி பீட்டா கேசட் விற்பனையை 2016 மார்ச்சில் நிறுத்தியது. கடைசியாக வி.எச்.எஸ். பெட்டி தயாரித்துவந்த ஜப்பானின் புனாய் நிறுவனம் அதே ஆண்டு ஜூலையில் கைவிட்டது. அதன் பிறகு புதுப் பெட்டி இல்லை. பழுது பார்க்கத் தெரிந்தவர்களும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஆயிரக்கணக்கான குடும்பங்களின் கல்யாணக் கேசட்டுகள் இன்னும் பரணில் இருக்கின்றன. ஈரம் பட்டால் நாடாவில் பூஞ்சை படரும். பூஞ்சை பிடித்த கேசட்டை டெக்கில் போட்டால் நாடாவும் கெடும், ஹெட்டும் கெடும். அதைச் சுத்தம் செய்து, ஓடும் நிலையில் டெக் வைத்திருக்கும் ஸ்டூடியோவில் கொடுத்து, கணினிக் கோப்பாக மாற்றி, இரண்டு இடத்தில் சேமித்து வைப்பதே ஒரே வழி. 2000களில் எழுதிக் கொடுத்த கல்யாண வி.சி.டி., டிவிடிகளுக்கும் இது பொருந்தும். எழுதும் வகை டிஸ்கில் இருக்கும் சாயப் பூச்சு வெயிலிலும் வெப்பத்திலும் கெடக்கூடியது.

இன்று வாங்குபவர் கேட்கவேண்டியவை

பிளேஸ்டேஷன் 5 இந்தியாவில் 2021 பிப்ரவரி 2 அன்று வந்தபோது டிஸ்க் போடும் வகை 49,990 ரூபாய், டிஸ்க் இல்லாத வகை 39,990 ரூபாய். எக்ஸ்பாக்ஸிலும் அப்படியே: முதலில் வந்த சீரிஸ் எக்ஸில் டிஸ்க் உண்டு, விலை குறைந்த சீரிஸ் எஸ்ஸில் கிடையாது. நின்டெண்டோ ஸ்விட்ச் இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்கப்படவில்லை. கடைகளில் கிடைப்பது பிற நாட்டுச் சரக்கு, நிறுவன உத்தரவாதம் இங்கே செல்லுபடியாகுமா என்று கேட்டே வாங்கவேண்டும்.

டிஸ்க் இல்லாத பெட்டியில் மிச்சமாகும் பணம் கண்ணுக்குத் தெரியும். அதற்குக் கொடுக்கும் விலை பிறகுதான் தெரியும். டிஸ்க்கை விளையாடி முடித்து விற்கலாம், நண்பனிடம் மாற்றலாம். இணையக் கணக்கில் வாங்கிய கேமை அப்படிச் செய்ய முடியாது. பெரிய கேம் ஒன்று 100 ஜிபியையும் தாண்டலாம்; நிலையான பைபர் இணைப்பு இல்லாத பென்னாகரம் பக்கத்து வீட்டில் அதை இறக்குவது பெரும்பாடு. இணையக் கடையே மூடப்படுவதும் உண்டு. நின்டெண்டோ தன் 3டிஎஸ், வீ யூ கருவிகளின் இணையக் கடையை 2023 மார்ச்சில் மூடியது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில் மூடப்பட்டது. டிஸ்க் இருந்தாலும் முழுக் காப்பு என்று சொல்வதற்கில்லை: யுபிசாப்ட் நிறுவனம் 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தியதும், தி க்ரூ என்ற கார் பந்தய கேமை டிஸ்காக வாங்கியவர்களும் விளையாட முடியாமல் போனார்கள். எப்போதும் இணையத்தோடு இணைந்திருக்கவேண்டிய கேமை முழு விலை கொடுத்து வாங்குவதில் இந்த ஆபத்து இருக்கிறது.

ஆகவே விளம்பரத்தில் வரும் டெராபிளாப் வேகக் கணக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பிள்ளையின் நண்பர்கள் எந்தக் கன்சோலில் விளையாடுகிறார்கள், பழைய டிஸ்க் எந்தக் கடையில் மாற்றக் கிடைக்கும், பழுதானால் சேலத்திலா பெங்களூரிலா எங்கே சர்வீஸ், வீட்டு இணைப்பு எவ்வளவு தாங்கும், வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கேம்கள் புதுப் பெட்டியில் ஓடுமா என்ற ஐந்து கேள்விகளை முதலில் கேளுங்கள். இரண்டு பெட்டிகளும் சமமாக வந்தால், இந்திய பில்லும் உத்தரவாதமும் உள்ள, டிஸ்க் போடும் வகையை வாங்குங்கள்.