கோடையும் கண்ணாடித் தொட்டி மீன்களும்

கத்தரி வெயில் தொடங்கிவிட்டால் எங்கள் களமருதூரில் நண்பகலில் தெருவில் ஆள் நடமாட்டம் இராது. ஆடுமாடுகள்கூட புளியமர நிழலை விட்டு நகர்வதில்லை. நாமும் மோர் குடிக்கிறோம், மண்பானைத் தண்ணீரை நாடுகிறோம், மின்விசிறியின் கீழ் பாய் விரித்துப் படுத்துக்கொள்கிறோம். கண்ணாடித் தொட்டிக்குள் இருக்கும் மீன் எங்கே போகும்? ஏரி மீனுக்காவது ஆழமான மடு உண்டு. தொட்டி மீனுக்கு ஒன்றரை அடி ஆழம்தான். மீன் குளிர் இரத்தப் பிராணி என்று பாடத்தில் படித்திருக்கிறோம். சூழ்ந்திருக்கும் நீரின் வெப்பமே அதன் உடலின் வெப்பம். நீர் சுட்டால் அதன் உள்ளுறுப்புகளும் சுடும்.

எங்கள் வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய தொட்டி உண்டு. நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம். கணக்குப் போட்டால் 9 கன அடி, அதாவது 255 லிட்டர். அடியில் கூழாங்கல் பரப்பி, விளிம்பு வரை நிரப்பாமல் விட்டிருப்பதால் சுமார் 220 லிட்டர் தண்ணீர் இருக்கும். வண்ண மீன்களுக்குப் பெயர்பெற்ற சென்னை கொளத்தூரிலிருந்து அப்பா எட்டுத் தங்கமீன்களை வாங்கி வந்தார். தங்கமீனின் பூர்வீகம் சீனா. 18 முதல் 24 டிகிரி வரையுள்ள குளிர்ந்த நீரே அதற்கு உகந்தது என்பதை அப்போது நாங்கள் அறியவில்லை.

சென்ற ஆண்டுக்கு முந்திய கோடையில் ஒருநாள் தொட்டியின் வெப்பமானி 34 டிகிரி காட்டியது. மீன்களெல்லாம் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அப்பா ஊரில் இல்லை. நானும் தம்பியும் சைக்கிளில் சென்று பத்துக் கிலோ ஐஸ் வாங்கி வந்தோம். மரத்தூளைக் கழுவிவிட்டு, கொஞ்சம் தண்ணீரை மொண்டு ஊற்றிவிட்டு, கட்டி கட்டியாகத் தொட்டியில் போட்டோம். ஒரு மணி நேரத்துக்குள் 29 டிகிரி! எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. இரவு பத்து மணிக்கு நீர் மீண்டும் 31 டிகிரியைத் தாண்டிவிட்டது. மறுநாளும் ஐஸ் போட்டோம். மூன்றாம் நாள் காலையில் மூன்று மீன்கள் மிதந்தன. அவற்றை முருங்கை மரத்தடியில் புதைத்தபோது தம்பி அழுதான். நான் அழவில்லை, ஆனால் ஐஸ் போடலாம் என்று சொன்னவள் நான்தான்.

பள்ளி திறந்ததும் அறிவியல் சிஸ்டரிடம் இதைச் சொன்னேன். அவர் கடிந்துகொள்ளவில்லை. "வராந்தாவில் இருக்கும் மண்பானை ஐஸ் இல்லாமலே எப்படிக் குளிர்கிறது?" என்று மட்டும் கேட்டார். அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் நான் இதைக் கற்கத் தொடங்கினேன்.

முதலில், மீன்கள் ஏன் மேலே வந்து வாய் பிளந்தன என்று பார்ப்போம். வெப்பம் கூடக் கூட நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு குறைகிறது. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நீரில் சுமார் 9 மில்லிகிராம் பிராணவாயு கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் ஏழரை. 35 டிகிரியில் ஏழுக்கும் சற்றுக் குறைவு. ஆனால் மீனின் தேவையோ ஏறுகிறது. பத்து டிகிரி உயர்ந்தால் அதன் உடல் இயக்கம் ஏறக்குறைய இரு மடங்காகிறது. வரவு குறைந்து செலவு கூடிய குடும்பம் போன்ற நிலைதான். ஆகவே சூட்டில் மீன் படும் துன்பத்தில் பெரும்பங்கு மூச்சுத் திணறல். விராலும் பனையேறிக் கெண்டையும் வெளிக்காற்றைச் சுவாசிக்க வல்லவை. அதனால்தான் வற்றிய குட்டைச் சேற்றிலும் தாக்குப்பிடிக்கின்றன. வீட்டுத் தொட்டிகளில் வளரும் குராமி மீனும் அவ்வகையே. தங்கமீனுக்கு அந்த வரம் இல்லை. கல்வராயன் மலை ஓடைகளைப் பாருங்கள். நிழலில் ஓடி, பாறையில் மோதி, நுரைத்து விழும்போது நீர் குளிர்ந்தும் இருக்கிறது, காற்றையும் வாரிக்கொள்கிறது. இவ்விரண்டையும் தொட்டிக்கு நாம்தான் தரவேண்டும்.

இனி ஐஸ் கணக்கு. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும். உருகிய நீர் 30 டிகிரிக்கு ஏற இன்னும் 30 கலோரி. ஆக, ஒரு கிலோ ஐஸ் 110 கிலோகலோரியை உறிஞ்சும். 220 லிட்டர் தொட்டியில் அது அரை டிகிரியைத்தான் குறைக்கும். ஆனால் ஒரு லிட்டர் நீர் ஆவியாக வேண்டுமானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி தேவை. அதில் பெரும்பகுதியை அது தொட்டி நீரிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. முழுவதையும் அங்கிருந்தே எடுத்தால் இரண்டரை டிகிரிக்கு மேல் குறையும். ஐந்து கிலோ ஐஸுக்குச் சமம், காசும் இல்லை! மண்பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் செய்கிற வேலையும் இதுதான். ஐஸ் வெப்பத்தைச் சட்டென்று இறக்குகிறது, தீர்ந்ததும் வெப்பம் சட்டென்று ஏறுகிறது. அந்த ஏற்ற இறக்கமே மீனை வாட்டுகிறது. புது மீன் வாங்கினால், பையோடு தொட்டியில் சிறிது நேரம் மிதக்கவிட்டுப் பிறகுதான் திறக்கிறோம் அல்லவா? காரணம் ஒன்றே.

ஆகவே செய்யவேண்டியது மிக எளிது. தொட்டியின் கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு, மீன் துள்ளி விழாதபடி கொசுவலைத் துணியைக் கட்டி, நீர்ப்பரப்பின் மேல் சாய்வாகக் காற்று படும்படி ஒரு மேசை விசிறியை வைக்கவேண்டும். விசிறி தொட்டிக்குள் விழாதபடி கட்டுவதையும், ஈரக்கையோடு சுவிட்சைத் தொடாமல் இருப்பதையும் வீட்டுப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எங்கள் தொட்டியில் ஒரு பகலில் நீர்மட்டம் அரை சென்டிமீட்டர் இறங்கியது. அதாவது மூன்று லிட்டர் ஆவியாகியிருக்கிறது. சுவரும் காற்றும் ஓயாமல் சூட்டை ஊட்டிக்கொண்டே இருப்பதால் கணக்கின்படி எட்டு டிகிரி குறையவில்லை. நான்கு டிகிரி குறைந்தது.

இந்த முறை எல்லா ஊருக்கும் ஒன்றுபோல் பயன்படாது. நம் ஆய்வகத்தில் உள்ள ஈர உலர் குமிழ் வெப்பமானியை நினைவுகூருங்கள். ஈரக் குமிழ் காட்டும் அளவுக்குக் கீழே விசிறியால் நீரைக் குளிர்விக்க இயலாது. காற்று 40 டிகிரியும் ஈரப்பதம் 25 சதவீதமும் இருந்தால் ஈரக் குமிழ் சுமார் 24 டிகிரி காட்டும். கடற்கரை ஊரில் 35 டிகிரியும் 70 சதவீதமும் இருந்தால் அது 30 டிகிரிக்கு இறங்காது. வெயில் நமக்கு அதிகம். ஆனால் நம் வறண்ட காற்று மீனுக்கு உதவுகிறது. சென்னையில் என் அத்தை வீட்டில் இதே விசிறி அவ்வளவு பயன் தரவில்லை. நீரைக் குளிர்விக்கும் இயந்திரமும் கடையில் உண்டு. விலையைக் கேட்டதும் அப்பா பேச்சை மாற்றிவிட்டார்.

ஆவியாவது தூய நீர் மட்டுமே. உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் பாத்திரத்தில் வெள்ளையாகப் படியும் நீர். அதையே ஊற்றி ஊற்றி நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். எனவே குறைந்த நீருக்கு ஈடாகச் சேமித்த மழைநீரை ஊற்றுகிறோம். வெயில் நாட்களில் இரையைப் பாதியாக்கிவிடுகிறோம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா சூட்டில் கூடுதல் நஞ்சாகும்.

இன்னொன்றையும் கவனித்தோம். பெரிய தொட்டி மெதுவாகச் சூடேறும், மெதுவாகவே ஆறும். ஆகவே நண்பகலில் அல்ல, மாலை ஆறு மணிக்குப் பிறகே எங்கள் தொட்டி மிகுதியாகச் சுடுகிறது. இரவில் நீர்ச்செடிகளும் பிராணவாயுவை உண்பதால் விடியற்காலையில்தான் அது மிகக் குறைவாக இருக்கும். மின்சாரம் நின்று காற்றுக்குமிழ் விடும் மோட்டாரும் ஓயும் இரவு என்றால் கேட்கவே வேண்டாம். அப்போது ஒரு செம்பால் நீரை மொண்டு உயரத்திலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டிருந்தால் போதும். ஓடை செய்வதை நம் கை செய்யும்.

சென்ற மே மாதம் முழுவதும் வெப்பமானி 30 டிகிரியைத் தாண்டவில்லை. தங்கமீனுக்கு அதுவும் கூடுதல்தான்; என்றாலும் ஐந்தும் இருக்கின்றன. இரவு விசிறியைப் பார்ப்பது தம்பியின் முறை. காலை ஐந்தரைக்கு எழுந்து, அவை மேலே வந்திருக்கின்றனவா என்று பார்ப்பது என் முறை.