குதிரை வேண்டும், தும்மல் வேண்டாம்

ஓடி முடித்த குதிரையின் கழுத்திலும், சேணத்தின் ஓரத்திலும், பின்னங்கால்களின் நடுவிலும் வெள்ளை நுரை பூத்திருக்கும். அதற்குக் காரணம் லாத்தெரின் என்ற புரதம். குதிரையின் ரோமம் அடர்த்தியானது, எண்ணெய்ப் பசையுள்ளது. லாத்தெரின் இல்லையென்றால் வியர்வை அந்த ரோமத்துக்கு அடியிலேயே தேங்கிவிடும். இது வியர்வையை முடியின் நுனிவரை பரப்பிக் காற்றில் உலரவைக்கிறது. அவ்வளவு பெரிய உடம்பின் சூடு அப்படித்தான் தணிகிறது. குதிரை நெடுந்தூரம் ஓடுவதற்குத் துணைநிற்கும் இதே புரதம், சில மனிதர்களின் கண்ணைச் சிவக்கவைத்து மூக்கை ஒழுகவைக்கிறது.

இருந்தாலும் குதிரை ஒவ்வாமையில் முதலிடம் ‘ஈக்யூ சி 1’ என்று பெயரிடப்பட்ட வேறொரு புரதத்துக்குத்தான். அது குதிரையின் எச்சிலிலும் தோலிலிருந்து உதிரும் நுண்ணிய செதில்களிலும் இருக்கிறது. முடியைக் குறை சொல்வது பலருக்கும் வழக்கம். உண்மையில் தொல்லை தருவது முடியில் ஒட்டிக் காய்ந்திருக்கும் செதிலும் எச்சிலும் வியர்வையும். அவை தூசியாகப் பறந்து மூக்கிலும் கண்ணிலும் படுகின்றன. ஏற்கெனவே இந்தப் புரதத்தை எதிரியாகப் பதிந்து வைத்திருக்கும் உடல், உடனே ஹிஸ்டமின் போன்ற வேதிப்பொருள்களைக் கொட்டுகிறது. அடுத்த சில நிமிடங்களில் அடுக்குத் தும்மல், கண் அரிப்பு, கையில் தடிப்பு, சிலருக்கு மூச்சிரைப்பு.

பந்தயத் திடலில் தூரத்து இருக்கையில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு இந்தத் தொல்லை குறைவு. குதிரையை நெஞ்சாரக் காதலிப்பவருக்குத்தான் அதிகம். அவர் அதன் கழுத்தில் முகம் புதைப்பார், பிடரியைக் கோதுவார், தன் கையாலேயே தேய்த்துவிடுவார். குதிரையும் மனிதரும் ஒருவரையொருவர் நம்பத் தொடங்குவது பெரும்பாலும் அந்தத் தேய்ப்பில்தான். செதிலும் தூசியும் அதிகம் கிளம்புவதும் அப்போதுதான். இந்த ஒவ்வாமையின் கொடுமை இதுதான்: எந்த நெருக்கத்துக்காக ஒருவர் லாயத்துக்குப் போகிறாரோ, அதையே அது பிடுங்கிக்கொள்கிறது.

இன்னொரு விசித்திரம் உண்டு. வாழ்க்கையில் குதிரையைத் தொட்டே பார்க்காதவருக்கும் முதல் நாளிலேயே தும்மல் வரலாம். நாயிடமும் பூனையிடமும் ‘ஈக்யூ சி 1’ஐ ஒத்த புரதங்கள் உள்ளன. அவற்றோடு பழகி ஒவ்வாமை கொண்ட உடல், குதிரையையும் அதே கணக்கில் சேர்த்துவிடக்கூடும். மறுபுறம், லாயத்தில் வரும் தும்மலுக்கெல்லாம் குதிரை பொறுப்பல்ல. வைக்கோலில் பூத்த பூஞ்சையும் தீவனத்தில் வாழும் சிற்றுண்ணிகளும் அதே வேலையைச் செய்யும். அதனால் மருத்துவரிடம் தோல் பரிசோதனையோ இரத்தப் பரிசோதனையோ செய்துகொள்ளாமல் யாரும் குதிரையைக் கைவிட வேண்டாம். வைக்கோலை நனைத்துப் போட்டாலே தீர்ந்துவிடும் சிக்கலாகக்கூட அது இருக்கலாம்.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு நெடுநாளாக நம்பிக்கை தந்துவரும் ஒரு குதிரை இனம் இருக்கிறது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில், ஆஸ்டின் என்ற சிற்றூரை ஒட்டிய மலைப்பகுதியில், 1898ஆம் ஆண்டு டமேலி என்ற பண்ணைக் குடும்பத்தினர் காட்டுக் குதிரைகளின் நடுவே உடம்பெல்லாம் சுருள்முடியோடு சில குதிரைகளைக் கண்டார்கள். பின்னாளில் கடுங்குளிர் பண்ணையின் பல குதிரைகளைக் கொன்றபோது இந்தச் சுருள்முடிக்காரர்கள் தாக்குப்பிடித்தார்கள். டமேலி குடும்பம் அவற்றை விடாமல் வளர்த்தது. 1971இல் இந்த இனத்துக்கென்று தனிப் பதிவேடு தொடங்கியது. ‘ஒவ்வாமை தராத குதிரை’ என்ற பெயரும் அதற்கு வந்து சேர்ந்தது.

அந்தப் பெயர் சோதனையில் நிற்கவில்லை. ஜெர்மனியில் ஆய்வாளர்கள் 32 இனங்களைச் சேர்ந்த இருநூறுக்கும் மேற்பட்ட குதிரைகளின் முடியை ஆராய்ந்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். சுருள்முடிக் குதிரைகளிடம் ஒவ்வாமைப் புரதம் குறைவு என்று சொல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. இனத்துக்கு இனம் இருக்கும் வேறுபாட்டைவிட, குதிரைக்குக் குதிரை இருந்த வேறுபாடுதான் வியக்கவைத்தது. பொலிக்குதிரைகளிடம் இந்தப் புரதம் அதிகமாகவும், பெட்டைகளிடமும் காயடித்த குதிரைகளிடமும் குறைவாகவும் இருந்தது. “இந்தக் குதிரையில் ஏறினால் எனக்கு ஒன்றும் ஆவதில்லை” என்று சொல்பவர்களை இனி நம்பலாம். அவர்கள் சொல்வது அந்த ஒரு குதிரையைப் பற்றி. இனத்தின் பெயரைக் கேட்டுப் பெரும் பணம் கொடுத்து வாங்குவதைவிட, வாங்குவதற்கு முன் அதே குதிரையோடு பலமுறை பழகிப் பார்ப்பது நல்லது.

லேசான ஒவ்வாமையோடு சவாரியைத் தொடர்பவர்கள் பலர். குதிரையைத் தேய்க்கும் வேலையை வேறொருவரிடம் விடுவார்கள். இல்லையென்றால் திறந்தவெளியில், முகக்கவசம் போட்டு, ஈரத் துணியால் துடைப்பார்கள். லாயத்துக்கென்று தனி உடுப்பு வைத்துக்கொள்வார்கள். அந்த உடுப்பு படுக்கையறைக்குள் வராது, ஏனென்றால் துணியோடு வீட்டுக்கு வரும் புரதம் குதிரைப் பக்கமே போகாத தம்பிக்கோ தங்கைக்கோ தும்மலைக் கொடுக்கும். திரும்பியதும் தலைக்குக் குளிப்பார்கள். மருத்துவர் சொன்ன மாத்திரையும் மூக்கு ஸ்பிரேயும் பலருக்கு நன்றாகவே கைகொடுக்கின்றன. ஆனால் நெஞ்சு இறுகினாலோ மூச்சில் விசில் சத்தம் கேட்டாலோ, போகப் போகப் பழகிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொள்ளக் கூடாது. ஆஸ்துமா உயிரைப் பறிக்கும். குதிரை மீதுள்ள காதல் அதற்கு மருந்தல்ல.

குதிரை ஒவ்வாமை உள்ளவர்கள் தமிழ்நாட்டில் அறிந்திருக்க வேண்டிய வேறொரு செய்தியும் உண்டு. இங்கே பாம்புக்கடிக்குப் போடும் விஷமுறிவு மருந்து குதிரையின் இரத்தத்திலிருந்துதான் வருகிறது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில், 1978இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றின் விஷத்தை எடுத்து மருந்து நிறுவனங்களுக்கு விற்கிறது. அதைச் சிறிது சிறிதாகக் குதிரைக்குச் செலுத்தி, அதன் இரத்தத்தில் உருவாகும் எதிர்ப்புப் புரதத்தைப் பிரித்தெடுக்கிறார்கள். குதிரையை அறியாத நோயாளிக்கே இந்த மருந்து ஒவ்வாமையை உண்டாக்குவதுண்டு. இலங்கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாம்புக்கடி நோயாளிகளிடம் நடத்தி 2011இல் வெளியான ஆய்வு, மருந்துக்கு முன் சிறிதளவு அட்ரினலின் ஊசி போட்டால் கடுமையான எதிர்விளைவுகள் கணிசமாகக் குறைவதைக் காட்டியது.

ஒவ்வாமை உள்ளவர்களுக்கு ஆபத்து கூடுதல்தான். ஆனாலும் விஷம் உடலில் ஏறிவிட்டதென்றால் அதற்காக மருந்தை மறுக்கக் கூடாது என்பதே மருத்துவ வழிகாட்டுதல். பாம்பு கடித்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய், “எனக்குக் குதிரை அலர்ஜி இருக்கிறது” என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மருத்துவர் அட்ரினலினைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு மருந்தை ஏற்றுவார்.