எல்லாரும் கேட்பது சுறாவை

கொழும்பு ஹெவ்லொக் டவுனில் எங்கள் தொடர்மாடிக்காரருக்குள் தண்ணீர் பில்லில் இருந்து வாகனத் தரிப்பிடம் வரை எதிலும் ஒத்துவராது. புறாவைத் திட்டுவதில் மட்டும் எல்லாரும் ஒரு கட்சி. ஏசிப் பெட்டி முழுக்க எச்சம். யன்னல் விளிம்பில் நாலு ஈர்க்கைக் கிடத்திவிட்டு அதைக் கூடு என்று சொல்லிக்கொள்ளும் பறவை அது. போன வருடம் எங்கள் குளியலறை யன்னலுக்கு வெளியே அப்படி ஒரு கூடும் இரண்டு முட்டைகளும். தட்டிவிடச் சொன்னார்கள். எனக்கு மனம் வரவில்லை. பல் தீட்டிக்கொண்டே பார்க்கத் தொடங்கினேன்.

காலை பத்து மணியளவில் ஆண் வந்து உட்காரும். பின்னேரம் வரை அதன் முறை. மீதிப் பொழுதும் இரவும் பெண்ணின் முறை. ஏறக்குறைய 18 நாளில் குஞ்சு. மஞ்சள் மயிர் ஒட்டிய, அவலட்சணமான குஞ்சு, அதை மறைப்பானேன்? ஆனால் அது சாப்பிடுகிற விதம் வேறு. தாயின் வாய்க்குள் தன் அலகை முழுதாக விட்டு உறிஞ்சுகிறது. உள்ளே ஊறுவது பால். புறாவின் கழுத்தடியில் தானியம் சேரும் பையின் உட்சுவர் தடித்து, கொழுப்பும் புரதமும் நிறைந்த தயிர்போன்ற ஒன்றாக உதிர்கிறது. பாலூட்டிகளிடம் பால் சுரக்க வைக்கும் புரோலக்டின்தான் இங்கும் வேலை செய்கிறது. தகப்பனுக்கும் பால் ஊறும் என்பதுதான் வித்தியாசம். பெரும்பாலான சிறு பறவைகள் குஞ்சுக்குப் புழு பூச்சி தேடி அலைய வேண்டும்; அதற்கு ஒரு பருவம் வேண்டும். புறாவுக்கு நெல்லோ பயறோ கிடைத்தால் போதும், பாலாக்கிவிடும். வருடம் முழுக்க அது குஞ்சு பொரிப்பதன் இரகசியம் இதுதான்.

இன்னொன்றும் கவனித்தேன். எங்கள் தெருவில் மாமரம் இருக்கிறது, வேம்பு இருக்கிறது. காகம் மரத்தில், மைனா மரத்தில். புறா மட்டும் சீமெந்தைத் தேடும். ஏனென்றால் அது மரத்துப் பறவையே அல்ல, பாறைப் பறவை. கடலோரச் செங்குத்துப் பாறைகளின் இடுக்கில் வாழ்ந்ததை மனிதர் ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் பிடித்துப் பழக்கினார்கள். வீட்டு மாடத்தில் தங்கியதால் நாம் மாடப்புறா என்றோம். சங்கப் பாட்டான நெடுநல்வாடையில் குளிருக்கு ஒடுங்கி இரைதேடப் போகாமல் வீட்டில் இருக்கிறதே ஒரு புறா, அது இந்த இனம்தான். சார்ல்ஸ் டார்வின் 1850களில் புறா வளர்த்து, லண்டன் புறாக்காரர் சங்கங்களில் சேர்ந்து, விசிறி வால் புறா தொடக்கம் கழுத்துப் பை ஊதும் புறா வரை அத்தனை வகைக்கும் மூதாதை ஒன்றே என்று 1859இல் எழுதினார். வளர்த்தவரிடம் இருந்து தப்பியவற்றின் வாரிசுகள்தான் உலக நகரங்கள் எங்கும் திரிகின்றன. வெள்ளை, தவிட்டு நிறம், புள்ளி எல்லாம் அப்படி வந்த கலப்பு. பழைய நூற்பாலைக் காணியில் கோபுரம் கோபுரமாக எழுந்து நிற்கிற ஹெவ்லொக் சிட்டி, புறாவின் கண்ணுக்கு நல்ல உயரமான பாறை.

அப்படியானால் அசல் பாறையில் அசல் புறா எங்கே? அதைப் பார்க்கத்தான் திருகோணமலைக்கு இரவு ரயில் ஏறினேன்.

அங்கே நிலாவெளிக் கரையில் இருந்து ஒரு கிலோமீற்றர் தள்ளிக் கடலுக்குள் இருக்கிறது புறாமலை என்னும் தீவுத் தொகுதி. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவானது. மே முதல் செப்டெம்பர் வரை கடல் படுத்துக் கிடக்கும்; வாடை தொடங்கினால் போகாதீர்கள். கரையில் வனசீவராசிகள் திணைக்களத்தின் ரிக்கெற்றை எடுத்துக்கொண்டு படகில் ஏறியபோது, எதற்கு வந்தேன் என்று சொன்னேன். படகுக்காரர் சிரித்துவிட்டார்.

“புறாவையோ பாக்க வந்தனீங்கள் அண்ணை? இஞ்ச எல்லாரும் சுறாவைத்தான் கேப்பினம்.”

கேட்பதில் நியாயம் உண்டு. சுற்றிலும் முருகைக்கல். நூறளவு முருகை இனம், முந்நூறளவு மீன் இனம் என்று கணக்குச் சொல்கிறார்கள். இடுப்பளவு ஆழத்திலேயே முதுகுத் துடுப்பின் நுனி கறுத்த சுறாக்குட்டிகள் திரிகின்றன. ஆளைக் கண்டால் அவைதான் ஓடும். கரையில் மணலைவிட உடைந்த முருகைத் துண்டுகள்தான் அதிகம். நடக்க நடக்கக் கிணுகிணுக்கும். முருகை என்பது கல் அல்ல, கல் கட்டிக் குடியிருக்கும் உயிர். கால் ஊன்றி அதன்மேல் நின்று படம் எடுக்கிறவர்களைக் கண்டால் எனக்கு வயிறு எரிகிறது.

பெரிய தீவு மொத்தம் 200 மீற்றர் நீளம், 100 மீற்றர் அகலம். உச்சி 45 மீற்றருக்குச் சற்றுக் குறைவு. வெள்ளைக்காரர் காலத்தில் துப்பாக்கி சுட்டுப் பழகிய இடமாம். எல்லாரும் கடலுக்குள் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு கிடக்க, நான் பாறையை அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பிளவுக்குள் இருந்து, எங்கள் குளியலறை யன்னலில் கேட்கும் அதே முனகல்.

தலையை நீட்டியது. சாம்பல் உடல், இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை, செம்மஞ்சள் கண். ஐரோப்பியக் காட்டுப் புறாவுக்கு முதுகின் அடி வெள்ளை. நம் பக்கத்தில் அதுவும் சாம்பல். வெயிலில் கழுத்தைத் திருப்பியபோது பச்சை ஊதாவாகியது. அந்த நிறங்கள் சாயத்தால் வருபவை அல்ல. இறகின் நுண்ணிழைகளில் உள்ள மெல்லிய படலத்தில் ஒளி பட்டுத் திரும்பும்போது தோன்றுபவை. வெள்ளையோ புள்ளியோ கலந்த ஒன்றாவது நான் பார்த்தவற்றில் இல்லை. உலகின் பல இடங்களில் ஊர்ப்புறா வந்து சோடி சேர்ந்து காட்டுப் புறாவின் சாயலே கலைந்துவிட்டது என்பதால் இதைக் கூர்ந்து பார்த்தேன்.

பிளவுக்குள் கூடு தெரிந்தது. ஐந்தாறு குச்சி, அவ்வளவுதான். காற்று மறைந்த கல்லிடுக்கில் அதற்குமேல் எதற்கு?

கீழிருந்து யாரோ “சுறா! சுறா!” என்று கத்தினார்கள். படபடவென்று சிறகடித்து ஏழெட்டு ஒன்றாகக் கிளம்பி, கடலுக்கு மேலாக நிலாவெளிப் பக்கம் போயின. படகுக்காரர் கையைத் தட்டிக் கூப்பிட்டார், நேரம் முடிந்துவிட்டது.