சி டிரைவ் எங்கே போச்சு?



கணினி அறையில் லினக்ஸைத் திறந்ததும் பலர் என்னிடம் கேட்பது இதுதான்: "சி டிரைவ், டி டிரைவ் எல்லாம் எங்கடா?" இங்கே அதெல்லாம் கிடையாது. ஒரே ஒரு சாய்கோடு (/) தான். அதுக்குப் பேர் ரூட், அதாவது வேர். மற்ற டைரக்டரிகள் எல்லாம் அதிலிருந்து பிரியும் கிளைகள். நாம செருகும் பென் டிரைவ்கூட ஒரு கிளையாகத்தான் வந்து சேரும்.

முக்கியமான ஐந்து கிளைகளைப் பார்ப்போமா?

1. பின்: நாம் அடிக்கும் 'எல்எஸ்', 'சிபி' போன்ற கட்டளைகள் இருக்கும் இடம்.

2. இடிசி: கணினியின் செட்டிங்ஸ் இருக்கும் இடம். இதில் 'பாஸ்வேர்டு' என்பதைச் சுருக்கிப் பெயர் வைத்த ஒரு ஃபைல் உண்டு. பேரைப் பார்த்து ஏமாறாதீங்க! அதில் பயனர்களின் பட்டியல்தான் இருக்கும். பாஸ்வேர்டுகள் உருமாற்றப்பட்டு 'ஷேடோ' என்ற வேறு ஃபைலில் இருக்கும். அதை நாம் திறந்து படிக்க முடியாது.

3. வார்: மாறிக்கொண்டே இருக்கும் தகவல்கள். இதற்குள் இருக்கும் 'லாக்', கணினி எழுதும் டைரி. கோளாறு வந்தால் காரணத்தை இங்கே தேடலாம்.

4. டிஎம்பி: தற்காலிக இடம். யார் வேண்டுமானாலும் ஃபைல் வைக்கலாம். ஆனா, பல கணினிகளில் அணைத்துத் திரும்பப் போட்டால் எல்லாம் காலி!

5. ஹோம்: நம்ம வீடு. ஒவ்வொரு பயனருக்கும் ஒரு தனி அறை.

'யூஎஸ்ஆர்' என்று இன்னொன்றும் இருக்கும். அதற்குள்ளும் ஒரு 'பின்'! ஏன் இரண்டு? 1970களின் தொடக்கத்தில், பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸை வளர்த்தபோது வட்டுகள் ரொம்பச் சின்னவை. முதல் வட்டில் இடம் போதவில்லை. பயனர்களின் ஃபைல்கள் இருந்த 'யூஎஸ்ஆர்' வட்டுக்கு மீதிப் புரோகிராம்கள் போயின. பிறகு பயனர்கள் ஹோமுக்குக் குடிபோனார்கள். பழைய பேர் மட்டும் நிலைத்துவிட்டது. 2012-இல் ஃபெடோரா இரண்டு 'பின்'களையும் ஒன்றாக்கியது. டெபியன் போன்றவையும் பின்னர் அப்படியே செய்தன.

இப்படிப் பிரித்து வைப்பதால் நமக்கு என்ன லாபம்? ஒரே கணினியை நாம் பல பேர் பயன்படுத்துகிறோம். பின், இடிசி இரண்டிலும் சாதாரணப் பயனர் கை வைக்க முடியாது. அதனால் ஒருவர் தெரியாமல் அழிக்கப் பார்த்தாலும் கணினி படுக்காது. ஹோமுக்குத் தனிப் பார்ட்டிஷன் ஒதுக்கியிருந்தால், அதை அழிக்காமலே லினக்ஸைப் புதுசாகப் போடலாம். நம் ஃபைல்கள் பத்திரமாக இருக்கும்.

எனவே நண்பர்களே, உங்க ப்ராஜெக்டை ஹோமில் மட்டும் சேமியுங்க. டிஎம்பியில் வேண்டவே வேண்டாம்! பென் டிரைவில் ஒரு நகலும் இருக்கட்டும்.

செய்து பாருங்கள்: டெர்மினலைத் திறந்து எல்எஸ், ஓர் இடைவெளி, ஒரு சாய்கோடு அடித்து என்டர் தட்டுங்க. மேலே சொன்ன கிளைகள் எல்லாம் வரிசையாக வரும்.