ஒளி பட்டால் சூடாகும் தங்கம்

முழங்காலிலோ இடுப்பிலோ செயற்கை மூட்டு வைத்தபின் மருத்துவர்கள் மிகவும் அஞ்சுவது கிருமித்தொற்றுக்குத்தான். உலோகத்தின்மேல் ஒட்டிக்கொள்ளும் பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றிப் பிசுபிசுப்பான படலம் ஒன்றைக் கட்டிக்கொள்கின்றன. ஆன்டிபயாடிக் அதற்குள் எளிதில் போவதில்லை. போனாலும், வளராமல் முடங்கிக் கிடக்கும் பாக்டீரியாக்களிடம் அதன் வேலை பலிப்பதில்லை. பல நேரங்களில் கடைசியாக, வைத்த மூட்டையே கழற்ற நேர்கிறது.

ஸ்வீடனில் உள்ள சால்மர்ஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தச் சிக்கலுக்குச் சூட்டைப் பயன்படுத்திப் பார்த்தார்கள். உடலுக்குள் வைக்கும் பொருளின் பரப்பில் நுண்ணிய தங்கக் குச்சிகளைப் பதித்துவிட வேண்டும். வெளியிலிருந்து அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சினால் குச்சிகள் சூடாகி, ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களைக் கொல்லும்.

தங்கம் ஏன் சூடாகிறது? நானோ அளவுக்குச் சிறுத்த தங்கத்தில், குறிப்பிட்ட நிற ஒளி பட்டதும் எலக்ட்ரான்கள் எல்லாம் ஒன்றுசேர்ந்து அலைபாயும். அந்த ஆற்றல் வெப்பமாகிறது. எந்த நிறம் என்பதைத் துகளின் வடிவம் தீர்மானிக்கிறது. உருண்டைத் துகள் 520 நானோமீட்டர் அளவிலான பச்சை ஒளியை விழுங்கும். அதனால்தான் 1857-இல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே தயாரித்த தங்கக் கரைசல் சிவப்பாக இருந்தது. ஆனால் பச்சை ஒளி சதையைத் தாண்டாது. இருட்டில் உள்ளங்கைக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பாருங்கள். சிவப்பு மட்டும்தான் தெரியும். உருண்டையைக் குச்சியாக நீட்டினால், சதைக்குள் இன்னும் நன்றாக ஊடுருவும் 700 முதல் 900 நானோமீட்டர் வரையிலான ஒளியை அது விழுங்கத் தொடங்குகிறது.

சூடு பாக்டீரியாவின் உறையைக் கிழிக்கிறது, புரதங்களைக் குலைக்கிறது. ஒரே நேரத்தில் பல இடங்களில் அடி விழுவதால் எதிர்ப்புத்திறன் வளர்வது கடினம். வெப்பத்தைச் சமாளிக்கும் புரதங்கள் பாக்டீரியாக்களிடமும் உண்டு என்பதால், எதிர்ப்பே வராது என்று அடித்துச் சொல்ல நான் தயாரில்லை.

பாதுகாப்பு? ஒளியும் தங்கமும் சந்திக்கும் இடத்தில் மட்டுமே சூடு பிறக்கிறது என்பது பெரிய வசதி. ஆனால் குச்சிகளைத் தயாரிக்கப் பொதுவாகப் பயன்படும் சிடிஏபி என்ற சோப்பு போன்ற வேதிப்பொருள் நம் செல்களுக்கு நஞ்சு. அதை நீக்கியாக வேண்டும். இரத்தத்தில் செலுத்தும் துகள்கள் கல்லீரலிலும் மண்ணீரலிலும் நெடுநாள் தங்கிவிடுகின்றன. பரப்பில் பதித்த துகள் அப்படி அலையாது. எனக்கு இந்த வழி பிடித்திருப்பதற்குக் காரணமும் அதுவே. ஒளியின் வலிமை மிஞ்சினால் அருகிலுள்ள சதை வேகும், குச்சியும் உருகி உருண்டையாகிப் பயனற்றுப்போகும்.

ஒளி சில சென்டிமீட்டர் ஆழத்துக்குமேல் போகாது. எனவே இரத்தம் முழுவதும் பரவிய தொற்றுக்கு இது உதவாது. புண், தோல், ஒளி எட்டும் ஆழத்தில் உள்வைத்த பொருள்கள் இவற்றுக்குத்தான் பொருந்தும். புற்றுநோயில் இதே உத்தி மனிதர்களிடம் சோதிக்கும் கட்டத்தை எட்டிவிட்டது: தங்கம் பூசிய நானோ துகள்களைக் கொண்டு அமெரிக்காவில் 16 புராஸ்டேட் புற்றுநோயாளிகளிடம் நடந்த சோதனையின் முடிவுகள் 2019-இல் வெளியாயின. பாக்டீரியாவுக்கு எதிரான பணி இன்னும் பெரும்பாலும் ஆய்வகத்திலும் விலங்குச் சோதனையிலும்தான் நிற்கிறது.

எனவே ‘நானோ தங்கம்’ என்று குடிக்கும் மருந்தாக யாராவது விற்றால் வாங்காதீர்கள். இங்கே சொன்ன சிகிச்சைக்கும் அதற்கும் தொடர்பில்லை.