ஏணியில் நிற்பவருக்கு எழுத்தர் எதற்கு?

சென்னை ஓ.எம்.ஆர். பக்கம் மூன்று நான்கு பேரை வைத்துக் கண்ணாடி ஜன்னல் துடைத்துத் தரும் சிறு தொழிலில் பணம் கசிவது பெரும்பாலும் வேலையில் அல்ல. எடுக்காமல் விட்ட போனில், மூன்று மாதம் கழித்துக் கூப்பிட மறந்த வீட்டில். ஏணியில் நிற்பவர் போனை எடுக்க முடியாது, எடுக்கவும் கூடாது. 2018-இல் வந்த வாட்ஸ்அப் பிசினஸ் செயலி இலவசம். "வேலையில் இருக்கிறோம், ஜன்னல்களைப் படமெடுத்து அனுப்புங்கள், மாலையில் விலை சொல்கிறோம்" என்ற பதிலை, வாட்ஸ்அப்பில் செய்தி அனுப்புபவருக்கு அதுவே அனுப்பிவிடும். கூகுள் காலண்டரில் 'மூன்று மாதத்துக்கு ஒருமுறை' என்று ஒரு தடவை பதிந்தால் போதும், மறதிக்கு இடமில்லை. மாதச் சந்தா கேட்கும் மென்பொருளைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

நோட்டுப் புத்தகம் போதாதா என்பார்கள். இருபது வாடிக்கையாளர் வரை போதும்தான். இயந்திரம் பதில் சொன்னால் வாடிக்கையாளர்கள் முகம் சுளிப்பார்கள் என்பது அதைவிடக் கனமான ஆட்சேபம். அதில் நியாயமும் உண்டு. ஆகவே விலை சொல்வதை மட்டும் அதனிடம் விடக்கூடாது. போர்வெல் தண்ணீரின் உப்புக்கறை ஏறிய கண்ணாடிக்கும் வெறும் தூசி படிந்த கண்ணாடிக்கும் உழைப்பு ஒன்றல்ல. எத்தனையாவது மாடி, உள்ளிருந்தே கை எட்டுமா, கம்பி குறுக்கிடுமா என்பதை ஆள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்னொரு சிக்கல்: ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்ப உதவும் வாட்ஸ்அப் பிசினஸ் பிராட்காஸ்ட் பட்டியலில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவருக்கே போய்ச் சேரும். முதல் நாள் காசு வாங்கும்போதே எண்ணைச் சேமிக்கச் சொல்லிவிடுவது நல்லது.